மணல் டிராக்கில் டர்ட் பைக் சஸ்பென்ஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். குளிர்காலம் வந்துவிட்டால் வார இறுதியில் விடியும் முன்பே பைக்கைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு பதாயர் பக்கம் மணலுக்குப் போய்விடுவோம். கூட வரும் நம் பையன்கள் பலர் ஊரில் செம்மண் டிராக்கில் ஓட்டிப் பழகியவர்கள். மணலில் இறங்கிய முதல் நாளே முன்சக்கரம் புதைந்து ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து விழுந்துவிட்டு, வண்டியில் ஏதோ கோளாறு என்று வந்து நிற்பார்கள். பெரும்பாலும் கோளாறு எதுவும் இருக்காது. கெட்டித் தரைக்கு வைத்த செட்டிங் மணலுக்கு ஆகாது, அவ்வளவுதான்.

அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இவை. எண்கள் எல்லாம் 250, 450 சிசி முழு அளவு மோட்டோகிராஸ் பைக்குகளுக்கானவை. இவற்றில் முன்னும் பின்னும் சக்கரம் ஏறத்தாழ 300 மி.மீ. மேலும் கீழும் போய்வரும். வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு கேள்வி பின்னால் இருக்கிறது.

மணலில் மட்டும் வண்டி ஏன் இப்படி நடந்துகொள்கிறது?

கெட்டித் தரையில் டயர் தரையின் மேலே உருள்கிறது. மணலில் அது உழுதுகொண்டு போகிறது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் விட்டாலே போதும், பிரேக்கைத் தொடாமலே மணல் வண்டியைப் பிடித்து இழுக்கும். உடனே பாரம் முன்னால் சாய்கிறது, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்குகிறது. ஃபோர்க் அமுங்கினால் அதன் சாய்வு குறைந்து செங்குத்தாகிறது. செங்குத்தான ஃபோர்க் வேகமாகத் திரும்பும், ஆனால் நேராக நிற்காது. டயர் இன்னும் ஆழமாக இறங்க, ஹேண்டில்பார் தானாகவே ஒரு பக்கம் மடங்கிக்கொள்கிறது. விழுந்தவர்களுக்கு அந்த ஒரு நொடி நன்றாக ஞாபகம் இருக்கும்.

இரண்டாவது விஷயம் மேடுகள். மணல் டிராக் காலையில் இருப்பதுபோல மாலையில் இருக்காது. பத்துப் பதினைந்து வண்டிகள் சில சுற்று ஓடினாலே நேர்ப்பாதை முழுக்க அலை அலையாக மேடும் பள்ளமும் விழுந்துவிடும். வூப்ஸ் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். செம்மண்ணில் வரும் மேடு சின்னது, கூரானது, கெட்டியானது. மணலில் வருவது பெரியது, உருண்டையானது, ஒன்றன்பின் ஒன்றாக முடிவில்லாமல் வருவது. சஸ்பென்ஷனுக்கு இரண்டும் வேறு வேறு வேலை.

பெல்ஜியத்தின் லோமெல் டிராக் இதற்குப் பெயர் போனது. 2005 முதல் 2011 வரை தொடர்ந்து 7 வருடம் நாடுகளுக்கு இடையிலான மோட்டோகிராஸ் கோப்பையை வென்றுவந்த அமெரிக்க அணியின் ஓட்டம் 2012இல் லோமெல் மணலில்தான் நின்றது. அந்த வருடம் கோப்பை ஜெர்மனிக்குப் போனது. உலகத் தரத்தில் ஓட்டுபவர்களுக்கே ஆழமான மணல் தனிப் பாடம் என்றால் நாம் தடுமாறுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மணல் மெத்து மெத்தென்று இருக்கிறதே, சஸ்பென்ஷனையும் மென்மையாக வைத்துவிடலாமா?

கூடாது. எல்லோரும் முதலில் செய்யும் தவறு இதுதான். கிளிக்கரை, அதாவது ஃபோர்க்கிலும் பின் ஷாக்கிலும் கெட்டியைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளை, எல்லாம் திறந்துவிட்டு வருவார்கள். முன்பக்கம் இன்னும் வேகமாகப் புதையும்.

மணலுக்கு ஃபோர்க் கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும். பெரிய மேட்டில் ஏறி இறங்கும்போதும், ஆக்சிலேட்டரை விடும்போதும் ஃபோர்க் சட்டென்று உள்ளே போய்விடாமல் தாங்கிப் பிடிக்க வேண்டும். பின்பக்கம் வழக்கத்தைவிடச் சற்று உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னால் நிமிர்வு, பின்னால் அமர்வு: மற்ற பதில்கள் எல்லாம் இந்த ஒன்றை எப்படிக் கொண்டுவருவது என்பதைப் பற்றித்தான். கெட்டித் தரையில் கை வலிக்கும் அளவுக்கு இறுக்கமாகத் தெரியும் ஃபோர்க் மணலில் சரியாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சரி, எதிலிருந்து தொடங்குவது? கிளிக்கரா?

இல்லை, சேக். அதாவது நீங்கள் ஏறி நின்றதும் பின்பக்கம் எத்தனை மி.மீ. அமுங்குகிறது என்ற அளவு. இது தப்பாக இருந்தால் கிளிக்கரை எத்தனை திருப்பினாலும் பயன் இல்லை. இதற்கு வேண்டியது ஒரு டேப்பும் இரண்டு நண்பர்களும்தான்.

வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வையுங்கள். பின்சக்கரம் தரையைத் தொடக்கூடாது. பின் ஆக்சிலின் நடுவிலிருந்து நேர் மேலே பின் ஃபெண்டரில் ஒரு இடத்தில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். ஆக்சிலுக்கும் புள்ளிக்கும் இடையே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 612 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிறகு வண்டியை இறக்கி, ஹெல்மெட், பூட்ஸ், முதுகில் தண்ணீர்ப் பை உட்பட ஓட்டும்போது இருக்கும் எல்லாவற்றோடும் ஏறி ஃபுட்பெக்கில் நில்லுங்கள். ஒரு நண்பர் முன்னால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ளட்டும், விரல் நுனியால் மட்டும். இரண்டு மூன்று முறை முழங்காலை மடக்கிக் குதித்துவிட்டு அசையாமல் நில்லுங்கள். இன்னொரு நண்பர் அதே இரண்டு புள்ளிக்கு இடையே அளக்கட்டும். 506 வந்தால், 612இல் 506 போக 106. உங்கள் சேக் 106 மி.மீ.

போன சீசனில் ஒரு தம்பி புதிதாக வாங்கிய பழைய 250ஐக் கொண்டுவந்தார். கடையில் எல்லாம் செட் பண்ணிக் கொடுத்துவிட்டார்கள் என்றார். அளந்தால் 88. பின்பக்கம் தூக்கி, மூக்கு தரையைப் பார்த்து நிற்கிற வண்டி. மணலில் அது புதையாமல் இருந்தால்தான் அதிசயம். கிளிக்கர் எதையும் தொடவில்லை, பின் ஷாக்கின் ஸ்பிரிங்கை இறுக்கும் வளையத்தை மட்டும் தளர்த்தி 106க்குக் கொண்டுவந்தோம். அன்று அவர் ஒரு முறைகூட விழவில்லை.

மணலுக்கு சேக் எவ்வளவு வைக்கணும்?

பெரும்பாலான மோட்டோகிராஸ் பைக்குகளுக்குக் கெட்டித் தரையில் 100 முதல் 105 வரை. மணலுக்கு அதைவிட 3 முதல் 6 மி.மீ. கூட்டுங்கள். 105 முதல் 108 வரை வைத்துத் தொடங்கினால் தப்பாகாது. நீளமான நேர்ப்பாதை, வேகம் அதிகம் என்றால் 110 வரை போகலாம்.

அதற்கு மேல் போகாதீர்கள். பின்பக்கம் அதிகம் உட்கார்ந்தால் முன்சக்கரத்தில் பாரமே இருக்காது, வளைவில் திருப்பினாலும் வண்டி நேராகப் போய்க்கொண்டே இருக்கும். தவிர, பின் ஷாக்கின் அசைவில் ஒரு பகுதியை நிற்கும்போதே தின்றுவிட்டதால் பெரிய மேட்டில் அடியில் போய் இடிக்கும்.

ஷாக்கின் மேலிருக்கும் வளையத்தைத் தளர்த்தினால் சேக் கூடும், இறுக்கினால் குறையும். ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 3 முதல் 4 மி.மீ. மாறும், வண்டிக்கு வண்டி கொஞ்சம் வித்தியாசப்படும். திருப்பும் முன் மரையில் ஒட்டியிருக்கும் மணலை பிரஷ்ஷால் நன்றாகத் தட்டிவிடுங்கள். அலுமினிய மரை மணலோடு திரும்பினால் ஒரே நாளில் கெட்டுவிடும்.

என் ஸ்பிரிங் எனக்குப் பொருத்தமானதா என்று எப்படித் தெரியும்?

சேக் சரியாக வைத்தபின் வண்டியிலிருந்து இறங்கி, யாரும் ஏறாமல் வண்டி தன் எடையிலேயே எவ்வளவு அமுங்குகிறது என்று அதே முறையில் அளங்கள். 30 முதல் 40 மி.மீ. வந்தால் ஸ்பிரிங் உங்கள் எடைக்குச் சரி.

30க்குக் கீழே வந்தால் ஸ்பிரிங் உங்களுக்கு மென்மை. இது பலருக்குத் தலைகீழாகத் தோன்றும். மென்மையான ஸ்பிரிங்கில் கனமானவர் சேக்கைப் பிடிக்க வளையத்தை நிறைய இறுக்கியிருப்பார். அதனால் ஆள் இறங்கியதும் ஸ்பிரிங் வண்டியை மேலே தள்ளிவிடும். 40ஐத் தாண்டிப் போனால் ஸ்பிரிங் கெட்டி.

கம்பெனியிலிருந்து வரும் ஸ்பிரிங் பெரும்பாலும் 70 முதல் 85 கிலோ வரை உள்ளவர்களை மனதில் வைத்துப் போட்டது. 60 கிலோ ஆளும் 95 கிலோ ஆளும் கிளிக்கரோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு ஸ்பிரிங் மாற்றுவதுதான் நல்லது. பின்னால் மாற்றினால் முன்னாலும் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டியின் சமநிலை இன்னும் கெடும்.

கிளிக்கரை எப்படி எண்ணுவது?

கடிகாரச் சுற்றில் மெதுவாக, நிற்கும் வரை திருப்புங்கள். நின்ற இடத்தில் அழுத்தாதீர்கள், உள்ளே இருக்கும் ஊசி நசுங்கிவிடும். அங்கிருந்து எதிர்ச்சுற்றில் எண்ணிக்கொண்டே வெளியே வாருங்கள். 12 கிளிக் என்றால் முழுக்க மூடிய இடத்திலிருந்து 12 வெளியே என்று அர்த்தம். கம்ப்ரஷனில் (அமுங்குவதைத் தடுக்கும் கிளிக்கர்) உள்ளே திருப்பினால் கெட்டியாகும். ரீபவுண்டில் (அமுங்கியது திரும்பி விரிவதைத் தடுக்கும் கிளிக்கர்) உள்ளே திருப்பினால் மெதுவாகும்.

எது மேலே, எது கீழே என்பது ஃபோர்க்குக்கு ஃபோர்க் மாறும், மேனுவலைப் பாருங்கள். எதையும் தொடும் முன் இப்போது இருக்கும் எண்களைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், இரண்டு கிளிக் மட்டும் மாற்றி, அதே பாதையில் இரண்டு மூன்று சுற்று ஓட்டிப் பாருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசி வரை தெரியாது.

முன் ஃபோர்க் கம்ப்ரஷன்?

உங்கள் வழக்கமான செட்டிங்கிலிருந்து 2 முதல் 4 கிளிக் உள்ளே. இரண்டில் தொடங்குங்கள். ஆக்சிலேட்டரை விட்டு வளைவுக்குள் போகும்போது முன்பக்கம் இன்னும் முங்கினால் மேலும் ஒன்று.

போதுமான அளவு கெட்டியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில், வண்டி நிற்கும்போது, தூசியைத் தடுக்கும் ரப்பர் வளையமான டஸ்ட் சீலை ஒட்டிக் கீழே ஒரு சின்ன ஜிப் டை கட்டிவிடுங்கள். ஓட்டிவிட்டு வந்து பாருங்கள், ஃபோர்க் எவ்வளவு தூரம் உள்ளே போனது என்று அது காட்டும். டிராக்கின் மிகப் பெரிய இறக்கத்தில் ஓரிரு முறை கடைசி வரை போனால் சரி. ஒவ்வொரு சுற்றிலும் கடைசி வரை போனால் மென்மை. 5 செ.மீ. மிச்சம் இருந்தால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள்.

ரீபவுண்டைக் கூட்டணுமா, குறைக்கணுமா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

அதிகமாகக் குழப்பும் விஷயம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ரீபவுண்ட் என்பது அமுங்கிய ஸ்பிரிங் எவ்வளவு வேகமாகத் திரும்பி விரிகிறது என்பது. மணல் மேடு பெரியது, அதில் ஷாக் ஆழமாக அமுங்குகிறது. ஆழமாக அமுங்கிய ஸ்பிரிங்கில் விசை அதிகம். அது தடையில்லாமல் விரிந்தால் பின்பக்கத்தைத் தூக்கி எறியும். அதனால் மணலுக்கு ரீபவுண்டை ஒன்றிரண்டு கிளிக் மெதுவாக்குவது வழக்கம், முக்கியமாகப் பின்னால். மேடுகள் தள்ளித் தள்ளி இருப்பதால் சக்கரம் விரிந்து வர நேரமும் கிடைக்கிறது.

ஆனால் அளவுக்கு மீறி மெதுவாக்கினால் வேறு தொல்லை வரும். முதல் மேட்டில் அமுங்கிய ஷாக் முழுக்க விரியும் முன்பே அடுத்த மேடு வந்துவிடும். அடுத்ததில் இன்னும் கொஞ்சம் அமுங்கும், அதற்கடுத்ததில் இன்னும். நாலைந்து மேட்டுக்குள் ஷாக்கில் மிச்சம் எதுவும் இல்லாமல் வண்டி கட்டை மாதிரி ஆகிவிடும். ஓட்டுபவருக்கு இது சஸ்பென்ஷன் கெட்டியாக இருப்பதுபோலத் தெரியும். உடனே கம்ப்ரஷனைத் தளர்த்துவார். தளர்த்தினால் இன்னும் ஆழமாகப் போகும், இன்னும் மோசமாகும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க மேடுகளை எண்ணுங்கள். முதல் மேட்டிலேயே, ஒவ்வொரு மேட்டிலும் ஒரே மாதிரி பின்பக்கம் எகிறினால் ரீபவுண்ட் வேகம் அதிகம்; ஒரு கிளிக் உள்ளே. முதல் இரண்டு மேடு நன்றாகப் போய், மூன்று நான்கில் தொடங்கிப் போகப் போகக் கடுமையானால் ரீபவுண்ட் மெதுவாக இருக்கிறது. ஒரு கிளிக் வெளியே. நண்பர் ஒருவரைப் பக்கவாட்டில் நின்று போனில் ஸ்லோ மோஷனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மேட்டுக்கு மேடு பின்பக்கம் தாழ்ந்துகொண்டே போவது கண்ணுக்கே தெரியும்.

முன்னாலும் இதே கதைதான். மேடுகளின் நடுவில் முன்பக்கம் தாழ்ந்துகொண்டே போனால் ஃபோர்க் ரீபவுண்டைத் திறந்துவிடுங்கள். முன்பக்கத்தை உயரமாக வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ரீபவுண்டை மூடிவிடுவது நமக்கு நாமே வைக்கும் குழி.

பின் ஷாக்கில் ஹை ஸ்பீடு, லோ ஸ்பீடு என்று இரண்டு இருக்கிறதே?

வேகம் என்பது வண்டியின் வேகம் அல்ல, ஷாக்கின் தண்டு உள்ளே போகும் வேகம். பெரிய மேட்டில் மோதும்போது தண்டு வேகமாகப் போகும். ஆக்சிலேட்டர் கொடுத்து வண்டி உட்காரும்போது மெதுவாகப் போகும்.

மணலுக்கு ஹை ஸ்பீடு நட்டை கால் சுற்று வரை உள்ளே கொண்டுபோகலாம். வூப்ஸில் பின்பக்கம் அடியில் போகாமல் தாங்கும். அதற்கு மேல் போனால் பின்பக்கத்தின் அடி எல்லாம் முன்பக்கத்துக்கு வந்து சேரும். லோ ஸ்பீடை முதல் நாள் தொடாதீர்கள். வளைவிலிருந்து வெளியே வரும்போது பின்பக்கம் அதிகம் குந்தி, முன்சக்கரம் மிதந்தால் மட்டும் ஒன்றிரண்டு கிளிக் உள்ளே.

ஃபோர்க்கை கிளாம்பில் ஏற்றி இறக்குவது உதவுமா?

உதவும். பல வண்டிகளில் ஃபோர்க் குழாய், அதைப் பிடித்திருக்கும் மேல் கிளாம்புக்கு மேலே 5 மி.மீ. போல நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கீழே இறக்கி கிளாம்போடு சமமாக வைத்தால் முன்பக்கம் அந்த அளவு உயரும், ஃபோர்க் சாய்வும் கொஞ்சம் கூடும், நேர்ப்பாதையில் வண்டி அடங்கும். செலவில்லாத வேலை. மேனுவல் சொல்லும் வரம்புக்குள் இருங்கள், கிளாம்ப் போல்ட்டை டார்க் ரெஞ்ச் வைத்துச் சொன்ன அளவுக்கே முறுக்குங்கள். அதிகமாக முறுக்கினால் குழாய் நசுங்கி ஃபோர்க் சிக்கும்.

பின்சக்கரத்தை செயின் அனுமதிக்கும் அளவுக்குப் பின்னால் தள்ளி வைப்பதும் இதே பலனைத் தரும்.

என்னுடையது ஏர் ஃபோர்க். எத்தனை பார்?

2017 முதல் வந்த கேடிஎம் மோட்டோகிராஸ் பைக்குகளில் டபிள்யூபியின் ஏர் ஃபோர்க் இருக்கிறது. இடது காலில் காற்று, வலது காலில் டேம்பிங், அதாவது அசைவை அடக்கும் அமைப்பு. வண்டியைப் பொறுத்து ஏறத்தாழ 10 முதல் 11 பார் வரை சொல்லியிருப்பார்கள். மணலுக்கு அதைவிட 0.2 பார் கூட்டித் தொடங்குங்கள். ஸ்பிரிங் மாற்றும் செலவில்லாமல் முன்பக்கத்தைக் கெட்டியாக்க இது நல்ல வசதி.

ஆனால் பாலைவனத்தில் இதில் கவனமாக இருக்க வேண்டும். காற்று சூடானால் அழுத்தம் ஏறும். விடியற்காலை 15 டிகிரியில் 10.8 பார் வைத்தால், 27 டிகிரி வெயிலில் கணக்குப்படி அரை பார் அளவுக்கு ஏறிவிடும். நாம் 0.2 பாருக்காக யோசிக்கிறோம், வெயில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் மாற்றிவிடுகிறது. முதல் வருடம் எனக்கு இது புரியவில்லை. காலையில் பட்டுப்போல ஓடிய வண்டி பதினொரு மணிக்குக் கையை உடைத்தது. கிளிக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கேஜை மாட்டிப் பார்த்தபிறகுதான் விஷயம் விளங்கியது. இப்போது நிழலில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரத்தைத் தூக்கிவைத்து, ஒவ்வொரு முறை இறங்கும் முன்பும் பார்க்கிறேன்.

ஸ்பிரிங் ஃபோர்க் வைத்திருப்பவர்களும் ஃபோர்க் தலையிலிருக்கும் சின்ன ஸ்குரூவைத் திறந்து உள்ளே சேர்ந்த காற்றை ஒவ்வொரு நாளும் வெளியேற்றுங்கள். முன்சக்கரம் தரையைத் தொடாமல் இருக்கும்போதுதான் திறக்க வேண்டும்.

கிளிக்கர் எல்லாம் போட்டும் ஃபோர்க் அடியில் போய் இடிக்கிறது. அடுத்து என்ன?

ஃபோர்க்கின் வெளி அறையில் ஆயில் அளவைக் கூட்டலாம். ஒரு காலுக்கு 10 மில்லி கூட்டினாலே கடைசி மூன்றில் ஒரு பங்கு அசைவில் நன்றாகக் கெட்டியாகும். ஆரம்பத்தில் மென்மை அப்படியே இருக்கும். மேனுவலில் குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டும் இருக்கும், அதற்குள் இருங்கள். இதுவும் போதவில்லை என்றால் ஸ்பிரிங் மாற்ற வேண்டும், அல்லது உள்ளே ஆயில் போகும் வால்வுகளை மாற்றத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

ஷாக் ஆயில் சூடாகி நீர்த்துப் போவதையும் மறக்காதீர்கள். முதல் பத்து நிமிடம் நன்றாக இருந்து, இருபதாவது நிமிடத்தில் பின்பக்கம் தளதளவென்று ஆடினால் செட்டிங் காரணமாக இருக்காது. ஆயில் பழையதாகியிருக்கும், அல்லது நைட்ரஜன் அழுத்தம் குறைந்திருக்கும்.

டயர் காற்று, செயின், ஸ்பிராக்கெட்?

டயர் காற்றை 11, 12 பிஎஸ்ஐக்கு இறக்கலாம். டயரை ரிம்மோடு பிடித்து வைக்கும் ரிம் லாக் கட்டாயம், இல்லையென்றால் டயர் ரிம்மில் சுற்றி டியூபின் வால்வைப் பிய்த்துவிடும். பின்னால் மணலுக்கான அகப்பைப் பற்கள் உள்ள டயர் போட்டால் தள்ளும் சக்தி நன்றாகக் கூடும். ஆனால் அது பின்பக்கத்திலிருந்து முன்சக்கரத்தைத் தள்ளிக்கொண்டே இருப்பதால் வளைவில் பழக நேரமெடுக்கும்.

பின் ஸ்பிராக்கெட்டில் ஒன்றிரண்டு பல் கூட்டுங்கள். வண்டி இழுக்கத் திணறினால் ஓட்டுபவர் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டுக் கொடுப்பார், ஒவ்வொரு முறை விடும்போதும் முன்பக்கம் முங்கும். செயினை மேனுவல் சொல்லும் அளவில் தளர்வான பக்கத்திலேயே வையுங்கள், மணல் சேரும்போது இறுகும்.

மணலில் ஓட்டினால் பராமரிப்பு அதிகமா?

ரொம்ப அதிகம். ஃபோர்க் சீலில் ஒரு மணல் துகள் மாட்டினால் போதும், ஆயில் கசியத் தொடங்கும். ஒவ்வொரு நாளும் டஸ்ட் சீலைக் கீழே இறக்கி, துடைத்து, திரும்ப ஏற்றுங்கள். கசிய ஆரம்பித்தால் உடனே சீலை மாற்றிவிட வேண்டாம். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை உள்ளே விட்டுச் சுற்றி எடுத்தால் பாதி நேரம் மணல் வெளியே வந்து கசிவு நின்றுவிடும்.

பின் ஷாக்கின் அடியில் இருக்கும் இணைப்பான லிங்கேஜின் பேரிங்தான் எனக்குப் பெரிய பாடம். இரண்டாவது சீசன் முழுக்க அதைக் கழற்றாமலே ஓட்டினேன். பின்பக்கம் சின்ன மேட்டில்கூட அசையாமல் உதைத்தது. கம்ப்ரஷனைத் திறந்தேன், ரீபவுண்டைத் திறந்தேன், ஸ்பிரிங் மாற்றலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் லிங்கேஜைக் கழற்றியபோது போல்ட் சுத்தியலுக்குத்தான் வெளியே வந்தது. உள்ளே கிரீஸ் என்று ஒன்றுமே இல்லை. மணலும் துருவும் சேர்ந்து காய்ந்த காப்பிப்பொடி மாதிரி இருந்தது. நீடில் ஊசிகள் சில தேய்ந்து தட்டையாகியிருந்தன. புது பேரிங் போட்டு, கிரீஸ் வைத்து, பழைய செட்டிங்குக்கே திரும்பினேன். வண்டி பழையபடி வேலை செய்தது. மணலில் ஓட்டுபவர்கள் மாதம் ஒரு முறையாவது கழற்றிப் பாருங்கள். செட்டிங்கில் குறை தேடும் முன், ஷாக்கைக் கழற்றிவிட்டு, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மைக் கையால் தூக்கி இறக்கிப் பாருங்கள். சிக்காமல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும்.

என்னிடம் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி தான் இருக்கிறது. எனக்கு என்ன பயன்?

சாதாரண எக்ஸ்பல்ஸில் முன்னால் 190, பின்னால் 170 மி.மீ. அசைவு, புரோ மாடலில் 250, 220. மேலே சொன்ன 105 எல்லாம் இதற்குப் பொருந்தாது. மொத்த அசைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்: 170க்கு 55 மி.மீ. போல. அளக்கும் முறை அதேதான். சாதாரண மாடலில் பின் ப்ரீலோட் (ஸ்பிரிங்கின் இறுக்கம்) மட்டும்தான் மாற்ற முடியும் என்பதால், அதைச் சரியாக வைத்து, டயர் காற்றைக் குறைத்து, வேகத்தையும் குறைத்து ஓட்டுங்கள். புரோவில் டேம்பிங்கும் மாற்றலாம், மேலே சொன்ன திசையிலேயே போங்கள்.

டிராக் மணலுக்கும் பாலைவன மணல் மேட்டுக்கும் ஒரே செட்டிங்கா?

அடிப்படை ஒன்றுதான். பாலைவன மேட்டில் வூப்ஸ் குறைவு, வேகம் அதிகம், உச்சியைத் தாண்டியதும் எதிர்பாராத இறக்கம் உண்டு. ஆகவே ரீபவுண்டை டிராக்கைவிட இன்னும் ஒரு கிளிக் மெதுவாக வைக்கலாம், ஸ்டியரிங் டேம்பர் போட்டால் கை களைக்காது. டக்கார் மாதிரி ராலி வண்டிகளின் எண்களைப் பார்த்து நகலெடுக்காதீர்கள். அவை எரிபொருளும் வழிகாட்டிக் கருவிகளும் சுமந்து நம் வண்டியைவிடப் பல கிலோ கனமானவை, ஸ்பிரிங்கும் அதற்கேற்பக் கெட்டி. 2024 டக்காரில் கேரளத்தின் ஹரித் நோவா ஒட்டுமொத்தத்தில் 11ஆவதாக வந்து ராலி 2 பிரிவை வென்றபோது எங்கள் கூட்டத்தில் எல்லோரும் அந்த வண்டியின் செட்டிங்கைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். அவர் ஓட்டுவதைப் பாருங்கள். முன்பக்கத்தை எப்படி லேசாக வைத்திருக்கிறார் என்று பாருங்கள். அதுதான் நமக்கு உதவும்.

ஊருக்குப் போகும்போது தேரிக்காட்டிலோ கடற்கரையிலோ பயிற்சி எடுக்கலாமா?

வேண்டாம். குதிரைமொழித் தேரி காப்புக்காடு. அந்தச் செம்மணலைப் பிடித்து வைத்திருப்பதே அங்குள்ள செடிகொடிகள்தான், டயர் பட்டால் அவை போய்விடும். சென்னைக் கடற்கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறிவரும். தெரிந்தவர் தோட்டத்தில் அனுமதி கேட்டு இரண்டு லோடு மணல் கொட்டி ஒரு வளைவு போட்டாலே பழகப் போதும்.

எல்லாம் செய்துவிட்டேன், இன்னும் முன்பக்கம் புதைகிறது.

அப்படியானால் நிற்கும் விதத்தைப் பாருங்கள். எழுந்து நின்று, இடுப்பைக் கொஞ்சம் பின்னால் வைத்து, முழங்காலால் டேங்கைப் பிடித்து, கைகளைத் தளர்த்துங்கள். வளைவுக்குள் பிரேக் பிடிப்பதற்குப் பதிலாக ஆக்சிலேட்டரைச் சற்றுத் தாமதமாக விடுங்கள், மணலே நிறுத்தும். விட்ட கையோடு திரும்பக் கொடுங்கள். பயந்து பாதியில் விடுவதுதான் முன்சக்கரத்தைப் புதைக்கிறது.

5 முறை உலகச் சாம்பியனான நெதர்லாந்தின் ஜெஃப்ரி ஹெர்லிங்ஸ் மணலில் ஓட்டுவதை வீடியோவில் ஒலியோடு பாருங்கள். இன்ஜின் சத்தம் அறுபடுவதே இல்லை. சிசிலியில் பிறந்த அந்தோனியோ கைரோலி வடக்கின் மணலில் உழைத்துப் பழகியவர். 9 பட்டங்களில் அந்த மணலுக்கும் பங்கு உண்டு. பிறவியிலேயே மணல் வருபவர்கள் குறைவு.

திரும்பவும் செம்மண் டிராக்குக்குப் போகும்போது?

குறித்து வைத்த பழைய எண்களுக்கு ஒன்றுவிடாமல் திரும்புங்கள்: சேக், ஃபோர்க் உயரம், கிளிக்கர், ஏர் அழுத்தம், டயர் காற்று. டயர் காற்றை மட்டும் மறந்து 11 பிஎஸ்ஐயோடு கல் தரையில் இறங்கினால் முதல் சுற்றிலேயே டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே மாட்டிப் பஞ்சராகும். அதனால் அதை முதலில் செய்யுங்கள்.